கல்யாணத்துக்கு வாங்க... ஊரையும் பார்த்துட்டுப் போங்க!

செட்டிநாட்டுக் கிராமத்துக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழித்துணை

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. பிரித்தால் உள்ளே இன்னொரு தாள் மடித்து வைத்திருந்தது. ‘வருகிறவர்கள் கவனத்துக்கு’ என்று தலைப்பு. எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் காபி, குளிக்க வெந்நீர் எங்கே என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கடைசி வரிதான் முக்கியம்: ‘முதல் நாள் சாயங்காலமே வந்துவிடவும். சாப்பிட்டதும் கிளம்புகிறேன் என்று யாரும் சொல்லவேண்டாம்.’

நகரத்து மண்டபக் கல்யாணத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிது. அங்கே நமக்கு வேலை மூன்று: மேடையேறி போட்டோ, பந்தியில் ஓர் இலை, வாசலில் தாம்பூலப் பை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடக்கும் நகரத்தார் சமூகத்துக் கல்யாணம் அப்படி முடியாது. அந்த வீடுகளே விருந்தாளியை மனத்தில் வைத்துக் கட்டியவை. அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்பினால், கல்யாணத்தையும் பார்த்திருக்க மாட்டீர்கள், ஊரையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்தால் இந்தப் பக்கத்துப் பூட்டிய வீடுகள் திறக்கும். அப்படியொரு அழைப்பு உங்களுக்கும் வந்திருக்கிறதா? அந்தத் தாளில் எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

எந்தத் திருப்பத்தூர்?

முதலில் வழி. பத்திரிகையில் ‘திருப்பத்தூர் அருகில்’ என்று போட்டிருந்தால் உஷாராகுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர் உண்டு. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர் இன்னொன்று. கல்யாணத்துக்குப் புறப்பட்ட நண்பர் ஒருவர் ரயில்வே தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்து டிக்கெட்டே எடுத்துவிட்டார். சிவகங்கைத் திருப்பத்தூருக்கு ரயிலே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. ஜோலார்பேட்டைக்கு அடுத்து இறங்கி, “செட்டிநாட்டுக்கு எந்த பஸ்?” என்று கேட்டிருந்தால் அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! நல்லவேளை, முதல் நாளே பேச்சுவாக்கில் சொல்லித் தப்பித்தார்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பழகிய வண்டி பல்லவன். பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் இந்த வழியில் உண்டு. கானாடுகாத்தான் பக்கத்துக் கல்யாணம் என்றால் ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து டிக்கெட் எடுக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களுமே சுமார் 90 கிலோமீட்டர். வண்டி பிடித்தால் இரண்டு மணி நேரம்.

காரைக்குடியில் இறங்கிய பிறகுதான் நிஜமான கேள்வி. கிராமங்களுக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் ராத்திரியில் நம்பமுடியாது. கல்யாண வீட்டில் வேன் ஏற்பாடு செய்திருப்பார்கள். எத்தனை பேர், எந்த ரயில் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். ஊருக்குள் நுழைந்த பிறகு வீட்டு எண்ணைக் கேட்டு அலையவேண்டாம். வீட்டின் ‘விலாசம்’ சொன்னால் போதும். இங்கே விலாசம் என்றால் முகவரி இல்லை. தாத்தா, முப்பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லும் குடும்பப் பெயர். டீக்கடையில் அதைச் சொன்னால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

வசிக்க இல்லை, கூட!

வாசலில் நின்று வீட்டைப் பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒரு தெருவில் முன்வாசல் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, அதைத் தாண்டி வளவு என்கிற திறந்த முற்றம், அதைச் சுற்றித் திண்ணைபோல் உயர்ந்த பட்டாலை, பிறகு இரண்டாம் கட்டு, சமையல் கட்டு. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் சைகோனிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்த பணம் இங்கே தேக்குத் தூணாகவும், இத்தாலிப் பளிங்காகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும் நிற்கிறது. 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு வருஷம் இந்தக் கட்டுமானம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா கைவிட்டுப் போனதோடு பெரும் செல்வமும் போயிற்று.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. நகரத்தார் பேச்சில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு ஓர் அறை, அதற்கொரு சாவி. பரம்பரை வளர வளர ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் ஆனார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். அறையில் பாத்திரமும் பண்டமும் பூட்டிக் கிடக்கும். வீட்டை விற்கவேண்டுமென்றால் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் கல்யாணம் என்றால் எல்லாப் பங்காளிகளுக்கும் அந்த வளவில் உரிமை உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியிருக்கும் வீட்டுக்கு இத்தனை பெரிய முற்றம் எதற்கு என்று முதலில் தோன்றும். கல்யாணத்தன்று வளவு நிறைந்து வழிவதைப் பார்த்தால் புரியும். இந்த வீடுகள் வசிப்பதற்கு மட்டும் கட்டியவை இல்லை, கூடுவதற்குக் கட்டியவை.

நான் போயிருந்தபோது முதல் நாள் சாமான் அறையைத் திறந்தார்கள். ஆள் உட்காரலாம் போன்ற அண்டாக்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். புளி போட்டுத் தேய்க்க, பித்தளை மஞ்சளாகச் சிரித்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் உளியால் வெட்டிய எழுத்துகள். “அது எங்க அப்பத்தா கல்யாணத்துக்கு வந்த அண்டா. எழுத்தைப் பாருங்க, அவுக பொறந்த வீட்டு விலாசம்” என்றார் தேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி. எண்பதைத் தொடும் வயது அவருக்கு. அந்த அண்டாவில்தான் மறுநாள் எங்களுக்குச் சாம்பார் கொதித்தது.

படுக்கை எங்கே? ஆண்களுக்கு முகப்பிலும் பட்டாலையிலும் ஜமுக்காளம் விரித்துவிடுவார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உள்கட்டு. ஏ.சி. அறையில்லாமல் தூக்கம் வராதவர்கள் காரைக்குடி லாட்ஜிலோ, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை மாற்றி நடத்தும் ஹோட்டல்களிலோ முன்கூட்டியே அறை போட்டுக்கொள்வது நல்லது. முகூர்த்த நாளில் கடைசி நேரத்தில் கிடைக்காது. ஆனால் ஒரு ராத்திரியாவது வளவுப் பக்கம் படுத்துப் பாருங்கள். முற்றத்தின் மேலே வானம் சதுரமாகத் தெரியும்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடவேண்டும். நூறு அடி நீள வீட்டில் குளியலறைகள் கைவிரல்களுக்குள் அடங்கும். விடியற்காலை முகூர்த்தமென்றால் நான்கு மணிக்கே வரிசை. மூன்றரைக்கு எழுந்தவர் ராஜா!

திருப்பூட்டும் நேரம்

நகரத்தார் கல்யாணம் வழக்கமாகப் பெண் வீட்டில் நடக்கும். அதற்கு முன்பே கோவிலில் தொடங்கிவிடும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோவில்கள். ஒவ்வொரு குடும்பமும் இதில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணத்தை அந்தக் கோவிலில் சொல்லிப் பதிந்து, அங்கிருந்து மாலை வரவேண்டும். கோவில் மாலை வந்தால்தான் புதுப் புள்ளி கணக்கில் ஏறும்.

வீட்டுக்குள் ஆச்சிமார் ஈர அரிசியை அரைத்து நடுவீட்டுக் கோலம் போடுவதைத் தவறவிடாதீர்கள். துணியை மாவில் நனைத்து, விரலிடுக்கில் பிழிந்தபடியே கோடு இழுப்பார்கள். அளவுகோல் கிடையாது, புள்ளி வைப்பதும் இல்லை, ஆனாலும் கோணல் வராது. காயும்வரை மிதித்துவிடாமல் நடக்கவேண்டும். வெளியூர்க்காரர்கள் வாங்கும் முதல் திட்டு பெரும்பாலும் இங்கேதான்!

மாப்பிள்ளை அழைப்பு நாகஸ்வரத்தோடு தெருவைச் சுற்றி வரும். முகூர்த்தத்தில் தாலி கட்டுவதை இவர்கள் ‘திருப்பூட்டுதல்’ என்பார்கள். அன்று பெண் கழுத்தில் ஏறுவது கழுத்திரு. முப்பதுக்கும் மேற்பட்ட தங்க உருப்படிகளை மஞ்சள் சரட்டில் கோத்த கனமான நகை. அன்றாடம் போட்டுக்கொள்வதில்லை, கல்யாணத்தன்றும் அறுபதாம் கல்யாணத்தன்றும்தான் வெளியே வரும்.

திருப்பூட்டு முடிந்ததும் பலர் பந்திக்கு ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். ‘இசைகுடிமானம்’ எழுதுவார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடந்தது என்று ஊர், கோவில் விவரங்களோடு இரு வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்ளும் பத்திரம். ஒரு காலத்தில் பனையோலையில் எழுதினார்கள். அரசாங்கப் பதிவு வருவதற்கு வெகுகாலம் முன்பே கணக்குப்பிள்ளைகளின் சமூகம் கல்யாணத்தையும் கணக்கில் எழுதிவிட்டது.

உடை? முகூர்த்தத்துக்குப் பட்டு சரி. மற்ற நேரத்துக்கு நூல் சேலையும் வேட்டியும்தான் இந்த வெயிலுக்குத் தாங்கும். இந்த ஊர்ச் சேலையே இருக்கிறது: பெரிய கட்டமும் அகலக் கரையும் போட்ட கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. வந்த இடத்தில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டால் ஆச்சிகளிடம் உடனே மார்க் ஏறிவிடும்.

பந்தியில் பொறுமை

செட்டிநாடு என்றாலே சிக்கன் மிளகு வறுவல் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. கல்யாணப் பந்தி முழுக்கச் சைவம். ஏமாற்றமாக இருக்காது, காலைப் பலகாரத்திலேயே அது புரிந்துவிடும். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், கந்தரப்பம், மசாலா சீயம், கல்கண்டு வடை, கவுனி அரிசி. கருப்பாக ஊதாப் பூத்தாற்போல் இருக்கும் கவுனி அரிசியில் சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் சேர்த்திருப்பார்கள். முதல் முறை பார்ப்பவர்கள் கேசரி கருகிவிட்டதோ என்று தயங்குவார்கள். தயங்காமல் சாப்பிடுங்கள்.

மதியம் மண்டி என்று ஒன்று வரும். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காயோ மொச்சையோ வேகவைத்துச் செய்வது. அரிசி களைந்த நீரைக்கூடக் கொட்டாத சிக்கனம், அதே வீட்டில் இத்தாலிப் பளிங்கு. செட்டிநாட்டைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் போதும்.

பந்தியில் ஒரு நாகரிகம் உண்டு. வெளியூர் விருந்தாளி முதல் பந்தியில் உட்கார்ந்தே ஆகவேண்டும், “அப்புறம் சாப்பிடுகிறேன்” என்றால் கோபம் வரும். எதையும் ‘வேண்டாம்’ என்று கை நீட்டி மறிக்காதீர்கள். “கொஞ்சமா வைங்க ஆச்சி” என்றால் எல்லாருக்கும் திருப்தி. கிளம்பும்போது பலகாரம் கட்டிக் கொடுப்பார்கள். தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் ஒரு வாரம் தாங்கும். அதற்குப் பெட்டியில் இடம் விட்டுவைத்துக் கிளம்புங்கள்.

ஒரு நாள் கூடுதலாக

இனி, லீவு போட்டு வந்ததற்குப் பலன். முகூர்த்தம் முடிந்த மறுநாளை ஊர் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பாருங்கள்.

மேற்கே போனால் கோவில்கள். காரைக்குடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும். குன்றக்குடி மலைமேல் சண்முகநாதர், அடிவாரத்தில் குன்றக்குடி அடிகளாரின் ஆதீனம். பிள்ளையார்பட்டியில் மலையைக் குடைந்து செய்த சந்நிதியில் கற்பக விநாயகர் வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார். நான்கு கை இல்லை, இரண்டே கை. துதிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். அருகிலேயே வைரவன்பட்டி, கூட்டம் குறைவு, சிற்பங்களை நின்று பார்க்கலாம். நேரமிருந்தால் திருப்பத்தூர் தாண்டித் திருக்கோஷ்டியூர். ராமானுஜர் தான் பெற்ற மந்திரத்தை ஊரறியச் சொன்ன தலம். மத்தியானம் கோவில்கள் நடை சாத்தியிருக்கும். ஆகவே காலையிலேயே கிளம்பிவிடவேண்டும்.

இதே பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். மழைக்குப் பிறகு, கார்த்திகையிலிருந்து மாசிவரை நீர்ப்பறவைகள் வந்து தங்கும். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பறவைகள் பயந்துவிடுமாம். ஊருக்கு வந்த விருந்தாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கே?

வடக்கே போனால் வீடுகள். கானாடுகாத்தானில் 1912-ல் கட்டிய செட்டிநாட்டு அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கவே அரை மணி வேண்டும். தெருக்களில் சும்மா நடங்கள், சுதையில் லட்சுமியும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பிடித்தன. அங்கிருந்து ஆத்தங்குடி. சினிமாவில் பலமுறை பார்த்த பெரிய வீட்டைச் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஆனால் அதைவிட ஓடு செய்யும் பட்டறைக்குப் போங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் பித்தளை அச்சை வைத்து, கட்டத்துக்கொரு நிறமாகச் சிமெண்டுக் கலவையை ஊற்றுகிறார் ஒருவர். அச்சைச் சட்டென்று தூக்குகிறார், நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவிட்டு, நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி விலகும்போது பளபளப்பு ஓட்டிலேயே நின்றுவிடுகிறது. சுடுவதில்லை, மெஷின் பாலிஷும் இல்லை. நீங்கள் முதல் நாள் ராத்திரி படுத்திருந்த தரை இதுதான்.

திருச்சி வழியாகத் திரும்புகிறவர்களுக்கு மூன்றாவது வழி. இருபது கிலோமீட்டரில் திருமயம். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. பாறையின் அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கக் கண் தலையிலிருந்து கால்வரை நடக்கவேண்டும். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான். புதுக்கோட்டை தாண்டினால் சித்தன்னவாசல். சமணக் குகைக் கோவிலின் கூரையில் தாமரைக் குளம், பூப்பறிப்பவர்கள், மீன்கள், யானைகள். மேலே ஏழடிப்பட்டத்தில் துறவிகள் படுத்த வழவழப்பான கல் படுக்கைகள். பாறை ஏறவேண்டும். பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், பிறகு கால் வைக்கமுடியாது.

காரைக்குடிக்குள்ளேயே இருப்பவர்களுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் உண்டு. தாழ்ப்பாள், பீங்கான் கோப்பை, ஊஞ்சல் சங்கிலி, கதவு நிலை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். கூடவே ஒரு வலியும் வரும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டை இடித்தபோது வந்தது. ஓர் அண்டாவைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் யாரோ ஓர் ஆச்சியின் பிறந்த வீட்டு விலாசம். இனி அதில் கல்யாணச் சாம்பார் கொதிக்காது.

பையில் என்ன?

டார்ச் லைட். மெல்லிய போர்வை. கொசு மருந்து. தண்ணீர் பாட்டில். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, ஏனென்றால் கோவிலிலும் வீட்டிலும் நாளுக்கு இருபது முறை கழற்றவேண்டியிருக்கும். கிராமத்துக் கடைக்கும் ஆட்டோவுக்கும் சில்லறை. வயதானவர்கள் கூட வந்தால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இந்த வீடுகளில் வாசற்படிகள் உயரம், நிலைகள் குட்டை. படியேறும்போது காலையும் நுழையும்போது தலையையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பூட்டிய அறைகளைத் திறந்து பார்க்காதீர்கள். அது வேறொரு பங்காளியுடையது. போட்டோ எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு காலத்தில் 96 ஊர்களில் பரந்திருந்த நகரத்தார், இன்று எழுபத்துச் சொச்சம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். அங்கும் பல தெருக்களில் விளக்கு எரியும் வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். மராமத்துக்குப் பணம் வேண்டும், பங்காளிகள் ஒத்துப்போகவேண்டும், எல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய மாதம்தான் ஓடு மாற்றுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், அண்டா தேய்க்கிறார்கள். ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் வீடு நிற்கிறது.

ஆகவே, மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தால் தேதியைப் பார்த்ததும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பி முடித்துவிடாதீர்கள். இரண்டு நாள் லீவு போடுங்கள். முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேருங்கள்.